பொடி வைத்து ஊதுதல்

"அவர் பொடி வைத்துப் பேசுகிறார்" என்று நாம் சாதாரணமாய்ச் சொல்வதுண்டு. அந்தப் பொடி மூக்குப் பொடி அல்ல; தட்டார் பட்டறையின் பற்றுப்பொடி. வெள்ளியைவிடச் சீக்கிரம் உருகும் கலப்பு உலோகத்தைப் பொடியாக்கி, வெண்காரத்தோடு இணைப்பில் வைத்து, ஊதுகுழலால் ஊதுவார்கள். நகை வேலையைத் தாமே கற்றுக்கொள்ளப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பொடியிடம்தான் முதலில் தோற்றுப் போகிறார்கள். நாமும் தோற்றோம்.

நம் தாயாருக்கு அவருடைய அன்னை கொடுத்த வெள்ளிக் கொலுசு ஒன்று கொக்கியருகே அறுந்து கிடந்தது. இரண்டு புத்தகங்களைப் படித்துவிட்ட தைரியத்தில், இதற்காகவா பத்தரிடம் போவது என்று நாமே நெருப்பைக் காட்டினோம். கொக்கியருகே ஒரு கறுத்த புள்ளி தோன்றிற்று. அது குழியாகி, குழி ஓட்டையாயிற்று. முன்னொரு காலத்தில் யாரோ அந்த இடத்தை ஈயத்தால் பற்றியிருக்கிறார்கள். ஈயம் பட்ட வெள்ளியை அதிகமாய்க் காய்ச்சினால் ஈயம் வெள்ளியை அரித்துவிடும். முதலில் ஈயத்தை அடியோடு ராவி எடுத்திருக்க வேண்டும் என்று பத்தர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. கொலுசை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஆகையால், ஆரம்பிப்பவர்கள் வீட்டு நகையைத் தொடவே வேண்டாம். மேற்பூச்சு இல்லாத செம்புக் கம்பி வாங்கி மோதிரமாய் வளையுங்கள். வளைக்க வளைக்கச் செம்பு விறைத்துக்கொள்ளும். மங்கிய சிவப்பாகக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் மறுபடி இளகும். (எஃகின் குணம் இதற்கு நேர்மாறு.) மேலே படியும் கறுப்புக்கு நம் வீட்டுப் புளித் தண்ணீரே போதும். கம்பியின் முனைகள் இரண்டும் இடையே வெளிச்சம் தெரியாதபடி பொருந்த வேண்டும்; பற்று சந்தை அடைக்காது. சுவாலையைப் பொடியின்மேல் மட்டும் காட்டாமல் மோதிரம் முழுவதையும் காய்ச்சுங்கள். பற்று சூடுள்ள பக்கமே ஓடும். அது பளிச்சென்று ஓடிய கணமே நெருப்பை விலக்க வேண்டும். செம்பு 1,085 பாகை வரை பொறுக்கும். செம்பு கலந்த 92.5 சதவீத வெள்ளியோ 800 பாகையைத் தாண்டியதுமே இளகத் தொடங்கிவிடும். புதியவரின் கைக்குச் செம்பு ஏற்றது என்பதற்குக் காரணம் விலை மட்டுமன்று.

இன்னொன்று, இதில் விளையாட்டு இல்லை. பற்று வாங்கும்போது காட்மியம் கலவாததா என்று கேட்டு வாங்குங்கள். "கே.டி.எம். நகை" என்று பெருமையாய் விளம்பரம் செய்தார்களே, அது காட்மியம் சேர்ந்த பற்றினால் செய்ததுதான். அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சுவாசிக்கும்போது ஒன்றும் தெரியாமல், சில மணி நேரம் கழித்தே தன் வேலையைக் காட்டுவதும் உண்டு. எந்தப் பற்றானாலும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே ஊதுங்கள்.

நாம் இப்போது பதினோராவது செம்பு மோதிரத்தில் இருக்கிறோம். பெட்டிச் சாவி இன்னும் தாயாரிடமே இருக்கிறது.