மவுண்டன் பைக்: கலிபோர்னியாவுக்கு மட்டும்தான் சொந்தமா?

இன்றைக்கு மவுண்டன் பைக் வாங்கப் போனால், நிறைய டயர்களில் 27.5 என்று போட்டிருக்கும். 2010களில் இதைப் புது அளவு என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் இது பிரெஞ்சு டூரிங் சைக்கிள்களின் பழைய 650பி அளவுதான். அதே அளவில், 1980களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் ஒருவர் காட்டுவழி சைக்கிள் செய்து விற்றுக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஜெஃப் ஆப்ஸ். சைக்கிளின் பெயர் கிளீலண்ட்.

பழைய பிரிட்டிஷ் மவுண்டன் பைக் சேகரிப்பவர்களிடையே ஓயாத சண்டை ஒன்று உண்டு. இதெல்லாம் சொந்த வடிவமைப்பா, இல்லை அமெரிக்காவைப் பார்த்துப் போட்ட காப்பியா?

காப்பி என்பவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில், பழைய பலூன் டயர் சைக்கிள்களை மலை மேல் ஏற்றி, மண்பாதையில் படுவேகமாக இறக்கினார்கள். 1977-ல் ஜோ பிரீஸ் அதற்கென்றே தனி ஃபிரேம் செய்தார். பின்னாளில் பிரிட்டனில் சக்கைப்போடு போட்ட மடி ஃபாக்ஸ்கூட அந்த அச்சுதான். பிராண்டுதான் பிரிட்டிஷ், ஆரம்ப மாடல்கள் ஜப்பானில் தயாரானவை.

கிளீலண்ட் கதை வேறு. அது கலிபோர்னியாவின் காய்ந்த மண்ணுக்காகப் பிறந்தது இல்லை. லண்டனுக்கு வடமேற்கே உள்ள சில்டர்ன் குன்றுகளில், மழைக்காலம் வந்தால் பாதை முழுக்கச் சேறு. ஈரச்சேறு அப்பிய ரிம்மில் பிரேக் கட்டை சரியாகப் பிடிக்காது. அதனால் ஆப்ஸ் டிரம் பிரேக் வைத்தார். கல்லிலும் வேரிலும் இடிக்காமல் இருக்க பெடலை உயரத் தூக்கினார். நிமிர்ந்து உட்காரும் ஹேண்டில்பார், பெரிய மட்கார்டு. டயர், பின்லாந்தில் பனிச்சாலைக்காகச் செய்த நோக்கியன். வேகமாக இறங்கும் வண்டி இல்லைங்க இது. மெதுவாக, விழாமல் போகும் வண்டி.

அந்த டயர்களைக் கலிபோர்னியாவின் கேரி ஃபிஷருக்கும் சார்லி கெல்லிக்கும் ஆப்ஸே அனுப்பியும் வைத்தார். சப்ளை சீராக இல்லை. தாராளமாகக் கிடைத்த 26 இன்ச்சே உலக வழக்கமானது. 1984-லேயே கிளீலண்ட் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

ஆக, சக்கரம் பிரான்ஸ், டயர் பின்லாந்து. ஆப்ஸ் கண்டுபிடித்த பாகம் என்று எதைக் காட்டுவது? பாகத்தில் தேடினால் கிடைக்காது. சேற்றைப் பார்த்து அவற்றை ஒன்றுசேர்த்தாரே, அதுதான் அவருடைய சொந்த வடிவமைப்பு. பிரீஸ் செய்த ஃபிரேமும் பழைய சைக்கிள் ஒன்றின் சாயல்தானே?

இதில் இழப்பு வருவது, வண்டியைப் புதுப்பிக்கும்போது. பேஸ் நிறுவனத்தின் சதுரக் குழாய் ஃபிரேம் கொண்ட ஆர்சி100 என்றால், அன்றைய கேட்டலாக்கை வைத்துப் பாகம் தேடலாம், தப்பில்லை. சின்னப் பட்டறையில் குறைந்த எண்ணிக்கையில் செய்த கிளீலண்டுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. சேற்றில் ஓட்டியவர் தன் வசதிக்கு மாற்றிய பிரேக், வெட்டிய மட்கார்டு, உயர்த்திய சீட் எல்லாமே அந்த வண்டி எதற்காகப் பிறந்தது என்பதற்குச் சாட்சி. பளபளப்பாக்குகிறேன் என்று அவற்றைக் கழற்றிப் போட்டால், அசலா காப்பியா என்று கேட்க எதுவும் மிஞ்சாது. வாங்குபவர் பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன், பழைய சொந்தக்காரருக்கு ஒரு போன் போட்டு, எதை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டு எழுதி வைக்கலாம்.