பெயரும் அதன் இல்லமும்

சென்ற ஞாயிறன்று அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். பதினோராம் வகுப்பில் பைத்தான் என்னும் கணினி மொழியைப் பயிலும் அவர்தம் மகள், கண்கலங்கக் கணினியின் முன் அமர்ந்திருந்தாள். பகடை உருட்டினாற்போல ஒன்று முதல் ஆறு வரை ஓர் எண்ணைத் தரும் சிறு நிரல், ஐந்தே வரிகள். பாடநூலில் உள்ளவாறே எழுதியும் அஃது ஓட மறுத்தது. மறுநாள் பள்ளியில் ஒப்படைத்தாக வேண்டும். "இப்பாடம் எனக்கு வாராது, அப்பா, வேறு பாடம் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். பிழை அவள் அறிவில் இல்லை. கோப்பிற்கு அவள் இட்ட பெயரில் இருந்தது. பிள்ளைகள் கணினி பயிலும் இல்லங்களில் இது நேரக்கூடியதே. ஆதலின் இத்திங்கள் அதனையே விளக்க முற்படுகிறோம்.

நெதர்லாந்து நாட்டினரான கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட பைத்தான் மொழியில், நிரல் எழுதிய ஒவ்வொரு கோப்பும் ஒரு மாட்யூல் ஆகும். ஒவ்வொன்றிற்கும் தனித்ததொரு பெயர்ப்பட்டியல் உண்டு. அதனைப் பெயர்வெளி என்பர். நம் கூட்டங்களில் 'இராமன்' என்று மட்டும் விளித்தால் மூவர் எழுகின்றனர். தந்தையின் முதலெழுத்தையும் சேர்த்து விளித்தால் ஒருவரே எழுகிறார். அவ்வாறே 'இம்போர்ட் மேத்' என எழுதிக் கணித மாட்யூலை வரவழைத்தபின், அதிலுள்ள 'பவ்' என்னும் அடுக்குக் கணக்கை, 'மேத்' என்று முன்னே எழுதிப் புள்ளியிட்டே அழைத்தல் வேண்டும். முதலெழுத்துச் செய்யும் பணியை இங்கே மாட்யூலின் பெயர் செய்கிறது.

இதற்குச் சோம்பி, 'ஃபிரம் மேத் இம்போர்ட்' என்றெழுதி உடுக்குறி இடுவாரும் உளர். உடனே அம்மாட்யூலின் பெயர்கள் கூட்டமாக நம் நிரலுக்குள் புகுந்துவிடும். ஆனால், பைத்தானுக்கு இயல்பாகவே 'பவ்' என்று ஒன்று உண்டு. 3-இன் 40ஆம் அடுக்கைக் கேட்டால் அது 12157665459056928801 என இருபது இலக்கங்களையும் பிழையறத் தரும். புதிதாய்ப் புகுந்த 'பவ்' அதனை மறைத்துக்கொண்டு, இறுதி இலக்கங்கள் பிழைபட்ட தோராய விடையைத் தரும். நிரலும் நில்லாது, எச்சரிக்கையும் வாராது. அஞ்சத்தக்கது இதுவே.

இனி அச்சிறுமியின் இடர்ப்பாடு. தற்செயல் எண்களைத் தரும் மாட்யூலின் பெயர் 'ரேண்டம்'. அவளும் தன் கோப்பிற்கு அப்பெயரையே இட்டிருந்தாள். பைத்தான் ஒரு மாட்யூலைத் தேடுங்கால், தன்னுள்ளேயே அமைந்தவை நீங்கலாக, நிரல் இருக்கும் கோப்புறையையே முதற்கண் நாடும். அதன் பின்னரே தன்னுடன் வந்த நூலகத்தை நாடும். எனவே, 'இம்போர்ட் ரேண்டம்' என்றதும் அவளது கோப்பே அகப்பட்டது. அவள் வேண்டிய கருவி அதில் ஏது? கோப்பின் பெயரைப் 'பகடை' என மாற்றச் சொன்னோம்; நிரல் ஓடியது. 2024-இல் வெளிவந்த 3.13ஆம் பதிப்பு இத்தகைய பெயர்மோதலைத் தானே சுட்டிக் காட்டுகிறது. அவள் கணினியில் இருந்ததோ முந்திய பதிப்பு.

பெற்றோர்க்கு ஒன்று கூறுவோம். நிரல் ஓடவில்லையெனப் பிள்ளை சோர்ந்தால், முதலில் கோப்பின் பெயரைப் பாருங்கள். நூலகத்திலுள்ள பெயரை இடுவது வேண்டா. உடுக்குறியைத் தவிர்க்கச் சொல்லுங்கள். மாட்யூலின் பெயர் நீண்டிருப்பின், 'ஆஸ்' என்னும் சொல்லால் சுருக்கப் பெயர் வைத்துக்கொள்ளலாம். 'எனக்கு வாராது' என்று பிள்ளை சொல்லுமுன் இவற்றைப் பார்த்துவிடுவது நன்று.

அச்சிறுமி பாடத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்பதை மகிழ்வுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.