செலவே இல்லையாம், வேப்பங்கொட்டைக்கு!

"ஒரு பைசா செலவில்லாத பூச்சிவிரட்டி!"

இயற்கை விவசாயக் கூட்டம் எதற்குப் போனாலும் இந்த வசனம் உண்டு. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் வேப்பங்கொட்டைக்கு எதிரி இல்லை சாமி, அந்தக் கணக்குக்குத்தான் எதிரி. பி.காம் படிக்கிறவள் தப்புக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா?

சரக்கு நல்ல சரக்குதான், ஒத்துக்கொள்கிறேன். வேம்பில் உள்ள அசாடிராக்டின் புழுவை அடித்த உடனே கொல்லாது. தின்ன விடாது, தோலுரித்து வளர விடாது. கடையில் வாங்கும் விஷத்தை 'மருந்து' என்று சொல்லிப் பழகிவிட்டோம். 2017-ல் யவத்மாலில் பருத்திக்கு அந்த 'மருந்து' அடித்தவர்களில் இருபது பேருக்கு மேல் செத்தே போனார்கள். ஆகவே வேம்பு வேண்டும். அதில் சண்டை இல்லை.

நிற்க. இப்போது கணக்குக்கு வருவோம்.

வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது 5 சதவீதக் கரைசல். 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு. ஆனி, ஆடியில் மரத்தடியில் குனிந்து குனிந்து பழம் பொறுக்க வேண்டும். சதை நீக்கி, நிழலில் காயவைத்து, பூஞ்சணம் பிடிக்காமல் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு ஓடு உடைத்து, இடித்து, துணியில் கட்டி, ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் பிழிந்து, சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். வெயிலில் வீரியம் போய்விடும் என்பதால் சாயங்காலம் தெளிக்க வேண்டும். மிச்சத்தை நாளைக்கு என்று வைக்கவும் முடியாது.

இதையெல்லாம் யார் செய்வது? மைக் பிடித்தவரா? வீட்டுப் பெண்கள்தானே!

உளுந்தூர்பேட்டைப் பக்கம் எங்கள் ஆயா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "மரத்துக்குத்தான் காசு இல்ல, என் முதுகுக்குமா இல்ல?"

குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு மத்திய அரசு பயன்படுத்தும் கணக்கின் பெயரே 'ஏ2 + எஃப்.எல்'. அந்த எஃப்.எல் என்பது கூலி வாங்காத குடும்ப உழைப்பு. அரசாங்கமே செலவு என்று எழுதுவதை, மேடையில் 'இலவசம்' என்பது என்ன நியாயம்?

இன்னொன்று. வேப்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு டபிள்யூ.ஆர். கிரேஸ் கம்பெனியும் அமெரிக்க வேளாண் துறையும் 1994-ல் ஐரோப்பியக் காப்புரிமை வாங்கின. வந்தனா சிவா, மக்தா ஆல்வோட், லிண்டா புல்லார்ட் என மூன்று பெண்கள் முன்னின்று எதிர்த்தார்கள். 2000-ல் அது ரத்தானது. கம்பெனியின் மேல்முறையீடும் தோற்றது. எந்த நாளில் தெரியுமா? 2005 மார்ச் 8, மகளிர் தினம்! கம்பெனிக்காரன் வேம்பு அறிவைச் சும்மா எடுத்தால் திருட்டு. நம் வீட்டுப் பெண்ணின் உழைப்பை நாமே சும்மா எடுத்தால் மட்டும் பாரம்பரியமா?

மருந்துக் கடைக்காரர் அறுவடை வரை கடன் தருகிறார். வேப்பமரம் உழைப்பை முன்கூட்டியே கேட்கிறது. விவசாயி எங்கே போவார்? சோம்பேறி என்று அவரைத் திட்டாதீர்கள். மகளிர் சுய உதவிக் குழுவிடம் கொட்டையை நல்ல விலைக்கு வாங்குங்கள். அரைத்த பருப்பைக் கூட்டுறவுச் சங்கத்தில் கடனுக்குக் கொடுங்கள். அப்புறம் பாருங்கள், யார் விஷம் வாங்குகிறார்கள் என்று.

அதுவரை, 'செலவில்லாத' என்ற வார்த்தையை மட்டுமாவது விட்டுவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.