மகள் காதலிக்கிறாள்! போலீசுக்குப் போகலாமா?

மாலை ஐந்து மணி. திண்டுக்கல் பஸ் நிலையம். நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டை பஸ்களில் பள்ளிப் பிள்ளைகள் முண்டியடித்து ஏறுகிறார்கள். ஒரே வீட்டு அண்ணனும் தங்கையும் அதில் உண்டு. அண்ணன் ஒரு பெண்ணிடம் சிரித்துப் பேசினால், "ஆம்பிளைப் பிள்ளை, அப்படித்தான்" என்கிறது வீடு. தங்கை ஒரு பையனிடம் பேசினாலோ, அன்று வீட்டில் அடுப்பு எரியாது!

அமெரிக்காவில் பள்ளியை முடிக்கும் பிள்ளைகளுக்கு "பிராம்" என்று ஒரு நடன விருந்து உண்டு. மகளை அழைத்துப் போக ஒரு பையன் வருவான். தகப்பனார் இருவரையும் வாசலில் நிறுத்திப் படம் பிடித்து அனுப்பி வைப்பார். நம் ஊரில் அந்த விருந்து இல்லை. ஆனால் பதினாறு வயது இங்கும் வரத்தான் செய்கிறது.

புகாருக்குப் பின்...

2012-ல் போக்சோ சட்டம் வந்தது. குழந்தைகளைக் கெடுக்கும் கயவர்களைப் பிடிக்க வந்த நல்ல சட்டம். அதுவரை 16 ஆக இருந்த சம்மத வயது 18 ஆயிற்று. "நான் விரும்பித்தான் போனேன்" என்று 17 வயதுப் பெண் சொன்னாலும் அந்தச் சொல் செல்லாது. உடலுறவு நிரூபணமானால், வயது வந்த பையனுக்குக் குறைந்தது 10 ஆண்டு சிறை. பெண்ணுக்கு 16 நிரம்பவில்லை என்றால் 20 ஆண்டு. பையனும் 18-க்கு உட்பட்டவன் என்றால், சிறுவர் நீதிக் குழுமத்தின் முன் நிற்க வேண்டும்.

கோபத்தில் புகார் கொடுத்துவிடலாம். திரும்ப வாங்குவதுதான் கஷ்டம். ஸ்டேஷனில் சமரசம் பேசி முடிக்க முடியாது. உயர் நீதிமன்றம் வரை போக வேண்டும்.

அப்படிப் போனார் ஒரு தாயார். மகள் ஒரு இளைஞருடன் போய்விட்டாள் என்று புகார் கொடுத்த குடும்பம் அது. பிறகு அந்தத் தாயே மகளுடன் வந்து, வழக்கு வேண்டாம் என்று கேட்டார். 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழக்கை ரத்து செய்தார். இளவயதுக் காதலர்களைக் குற்றவாளி ஆக்குவது இச்சட்டத்தின் நோக்கம் அல்ல என்றார். எல்லா வழக்கும் இப்படி முடியும் என்று நம்பிவிடக் கூடாது.

அவசர அவசரமாகத் தாய்மாமனுக்குக் கட்டி வைப்பதும் வழி அல்ல. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிரம்புமுன் கல்யாணம் நடத்தி வைத்தால், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

காந்தி வைத்த கெடு

திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை 1947-ல் தோற்றுவித்தவர்கள் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும். சௌந்தரம், டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். சிறுவயதில் மணமாகி, கணவரை இழந்து, பிறகு டாக்டருக்குப் படித்தவர். ராமச்சந்திரனை மணக்க அவர் விரும்பியபோது வீட்டில் சம்மதம் இல்லை. காந்தி "கூடாது" என்று சொல்லவில்லை. ஓராண்டு பிரிந்திருக்கச் சொன்னார். கடிதம்கூடக் கூடாது! ஆண்டு கடந்தது, மனம் மாறவில்லை. 1940-ல் காந்தியே மணம் முடித்து வைத்தார்.

அவர்கள் விவரம் தெரிந்த வயதினர். பள்ளிப் பிள்ளைகள் அல்ல. ஆனாலும் "படிப்பு முடியட்டும். அதன் பிறகும் அவன்தான் என்றால் பேசலாம்" என்று சொல்ல எந்தத் தாயாலும் முடியும். சொன்ன வாக்கைக் காப்பாற்றுவதுதான் பெரிய காரியம். அந்த நாள் வந்தபின் "சாதி வேறு" என்று பின்வாங்கினால், அண்ணன் சொல்லையும் தங்கை கேட்கமாட்டாள். வயது வந்த இருவர் மணக்கக் குடும்பத்தின் சம்மதம் கட்டாயம் அல்ல என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே கூறிவிட்டது.

பையன் மிரட்டுகிறான், படத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறான், அல்லது அவன் பையனே அல்ல, நாற்பது வயது ஆள் என்றால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். குழந்தைகள் உதவிக்கு 1098 என்ற எண் இருக்கிறது. மகளே பேசலாம்.