விற்றுவிட்ட ஹொண்டா 50

கடந்த வாரம் கொக்குவிலில் உள்ள ஒரு திருத்தகத்தில் எனது மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றுவதற்காகக் காத்திருந்தேன். வெளியே வீதியில் ஒரு சத்தம் கேட்டது. வண்டி கண்ணில் படுவதற்கு முன்னரே அது ஹொண்டா 50 என்று தெரிந்துவிட்டது. தையல் இயந்திரம் ஓடுவது போன்ற அந்தச் சீரான சத்தத்தை யாழ்ப்பாணத்தில் என் வயதுடைய எவரும் இலகுவில் மறந்துவிட மாட்டார். எழுந்து வாசலுக்குப் போனேன். குருக்கள் ஒருவர் வேட்டி நலுங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, பூசைப் பை முன்னால் தொங்க, ஆறுதலாகப் போய்க்கொண்டிருந்தார். ஒழுங்கைக்குள் திரும்பி மறையும் வரையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னண்ணை, பழைய சிநேகிதனைக் கண்ட மாதிரி நிக்கிறியள்?" என்று கேட்டார் திருத்துநர்.

அவர் கேட்டது சரிதான். என்னிடமும் ஒரு ஹொண்டா 50 இருந்தது. 2011ஆம் ஆண்டு அதை விற்றுவிட்டு 150 சிசி வண்டி ஒன்றை வாங்கினேன். அன்று முதல் இன்று வரை அந்தச் சின்ன வண்டியின் நினைவு என்னை விட்டபாடில்லை.

பெரிய வண்டியைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஏ9 வீதி திறந்த பின்னர் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் செய்தி சேகரிக்கப் போகவேண்டியிருந்தது. வவுனியா ஏறத்தாழ 140 கிலோமீற்றர். ஹொண்டா 50 இல் அந்தத் தூரம் போய் வந்தால் மறுநாள் முதுகு எமக்குச் சொந்தமாக இராது. அதன் 6 வோல்ற் விளக்கோ முறுக்கினால் வெளிக்கும், வேகத்தைக் குறைத்தால் மங்கும். பள்ளம் வரும் இடத்தில் வேகத்தைக் குறைப்போம், அந்த நேரம் பார்த்துப் பள்ளம் தெரியாது. புதிய வண்டியில் தடுப்பு நன்றாக இருந்தது, வெளிச்சம் இருந்தது. மனைவியும் மகிழ்ந்தாள். எனவே விற்றது தவறு என்று சொல்லமாட்டேன். ஆயினும் விற்றபோது எதை விற்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சொய்ச்சிரோ ஹொண்டாவும் அவரது பங்காளியான தக்கேயோ புஜிசாவாவும் இந்த வகை வண்டியை 1958இல் ஜப்பானில் வெளியிட்டார்கள். ஒரு கையில் நூடில்ஸ் தட்டைத் தாங்கிய கடைப் பையன் மறு கையால் ஓட்டக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது அவர்களின் எண்ணமாக இருந்தது. அதனால்தான் அதில் கிளச் பிடி இல்லை. காலால் கியரை மிதித்தால் போதும். சேலையோ வேட்டியோ கட்டியவர் காலைத் தூக்கிப் போடாமல் ஏறி அமர நடுவில் இடம் விட்டார்கள். சேறு தெறிக்காமல் காலுக்கு முன்னால் மறைப்பு வைத்தார்கள். 2017இல் இந்தக் குடும்பத்து வண்டிகளின் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. உலகில் வேறெந்த மோட்டார் வாகனமும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. வேகத்தைப் பெரிதாக எண்ணாமல் மனிதனின் அன்றாடத் தேவையை அளந்து செய்யப்பட்ட வண்டி அது.

கிளச் இல்லாததன் அருமை பெரிய வண்டிக்கு வந்த பிறகுதான் விளங்கியது. முன்பு எதிரில் வருபவருக்கு இடக்கையை உயர்த்தி வணக்கம் சொல்வேன். இப்போது தலையை மட்டும் ஆட்டுகிறேன். தலைக்கவசத்துக்குள் அந்த ஆட்டம் அவருக்குத் தெரிகிறதோ இல்லையோ! முன்பு மணிக்கு 30 கிலோமீற்றரில் போகையில் எந்தப் படலையில் வாழை கட்டியிருக்கிறது, எந்த மதகில் கூட்டம் நிற்கிறது என்று கண்டுகொள்வேன். என் செய்திகளிற் பாதி அப்படிக் கிடைத்தவை. இப்போது அவற்றைக் கடந்து போய்விடுகிறேன்.

நான் அந்த வண்டியை வாங்கியது 1994இல். பல்கலைக்கழகப் படிப்பை முடித்து, பத்திரிகையில் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கொழும்புக்குப் புறப்பட்ட ஓர் ஆசிரியர் தமது வண்டியை விற்றார். அம்மா தனது சங்கிலியை அடகு வைத்துப் பணம் தந்தார். குடாநாட்டில் அப்போது பொருளாதாரத் தடை. பெற்றோல் கண்ணால் காண்பதற்கும் அரிது. காற்று வடிகட்டியின் குழாய்க்குள் சிறு பிளாஸ்ரிக் போத்தலால் சில துளி பெற்றோலைப் பீச்சி உதைப்போம். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் இலகுவில் ஆவியாகாது என்பதால்தான் இந்த வித்தை. நிறுத்தினால் மீண்டும் பெற்றோல் வேண்டும் என்று அஞ்சி, வண்டியை நிறுத்தாமலே வாசலில் நின்று செய்தி கேட்ட நாட்களும் உண்டு. வெண்புகை கக்கும், பிளக்கில் கரி பிடிக்கும். கழற்றிச் சுரண்டிப் பூட்டினால் மறுபேச்சின்றி ஓடும். சிறிய இயந்திரம் என்பதால் நானே கழற்றிப் பழகினேன். வண்டிக்கு எங்கே நோகிறது என்று அதன் சத்தத்தை வைத்தே சொல்ல முடிந்தது.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் புறப்பட்டேன். சிறிது தூரத்திலேயே சனத்திரளுக்குள் வண்டியை ஓட்ட முடியாமல் போயிற்று. அம்மாவை இருக்கையில் இருத்தியபடி, கைபிடியில் இரண்டு பைகளைக் கொழுவி, மழைக்குள் அங்குலம் அங்குலமாகத் தள்ளிச் சென்றேன். இன்றைய எனது வண்டி அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு எடை. அதில் அம்மாவை இருத்தி அந்தப் பாலத்தை நான் கடந்திருக்க மாட்டேன். ஓடாதபோது தன் சொந்தக்காரன் தள்ளக்கூடிய வண்டிதான் அவனுக்கு அளவான வண்டி என்று அன்று தெரிந்துகொண்டேன். 2011இல் அதை மறந்துவிட்டேன்.

2022இல் மீண்டும் நினைவு வந்தது. எரிபொருள் வரிசையில் மணிக்கணக்காக நின்றோம். பின்னர் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று தொடங்கினார்கள். எனது வண்டி லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும். பழைய ஹொண்டா எனது கையில் 70க்குக் குறையாமல் ஓடியது. அதே 4 லீற்றரில் 100 கிலோமீற்றர் கூடுதலாகப் போயிருக்கலாம். வாரத்துக்கு நூறு கிலோமீற்றர் என்பது ஒரு செய்தியாளனுக்குச் சிறிய தூரமன்று.

இவையெல்லாம் பழங்கதை, வயது போனவரின் புலம்பல் என்று சிலர் நினைக்கலாம். அப்படியானால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். என்னை எழுதவைத்தது வேறொன்று.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மரண வீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தவனுக்கு வயது 18. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தவன். இலண்டனிலுள்ள தாய்மாமன் அனுப்பிய பணத்தில் 200 சிசி வண்டி வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. அதற்கு முன்னர் அவன் ஓட்டியது துவிச்சக்கரவண்டி மட்டுமே. வளைவில் மதகுக் கட்டுடன் மோதிவிட்டான். வேறு வாகனம் எதுவும் சம்பந்தப்படவில்லை. நான் அங்கு நின்றபோது மாமனின் அழைப்பு வந்தது. என்னைத் தெரிந்தவர் என்பதால் தொலைபேசியை என் கையில் தந்தார்கள். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அண்ணை, நான் வாங்கிக் குடுத்திருக்கக் கூடாதோ?"

எனக்குப் பதில் வரவில்லை. "அப்படிச் சொல்லாதையுங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

இன்று பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். வாங்கிக் கொடுத்தது பிழையன்று. முதல் வண்டியாகவே அதை வாங்கிக் கொடுத்ததுதான் பிழை. அந்தப் பிழை அவர் ஒருவருடையதும் அன்று. பிரித்தானியாவில் 16 வயதில் 50 சிசி, 17 வயதில் 125 சிசி, 19 வயதில் அதற்கு அடுத்த படி என்று ஏணி வைத்திருக்கிறார்கள். எந்தப் பெரிய வண்டியையும் நேரடியாகப் பரீட்சை கொடுத்து ஓட்ட 24 வயதாக வேண்டும். எமது நாட்டிலும் 100 சிசி வரைக்கும் ஒரு வகுப்பு, அதற்கு மேல் ஒரு வகுப்பு என்று அனுமதிப்பத்திரத்தில் பிரிவு இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் வயது 18 தான். முதற்படியில் கால் வைக்காமலே இரண்டாம் படிக்குத் தாவலாம். சட்டம் வைக்காத படியைக் குடும்பம் வைத்தால் என்ன?

சின்ன வண்டியிலும் விழுவோம். நானும் விழுந்திருக்கிறேன், முழங்காலில் தழும்பு இருக்கிறது. ஆனால் அதன் முழு வேகத்தையும் முறுக்கிப் பார்த்து, அதன் எல்லை எது, எனது எல்லை எது என்று அறிந்த பிறகும் உயிரோடு இருந்தேன். பெரிய வண்டியின் எல்லையை இந்த ஊர் வீதிகளில் எவரும் உயிரோடு அறிய முடியாது. ஒழுங்கைகள் அன்றிருந்த அகலத்தில்தான் இருக்கின்றன. ஆடும் மாடும் அன்று போலவே குறுக்கே வருகின்றன.

புலம்பெயர்ந்த உறவுகளிடம் எனது வேண்டுகோள் இதுதான். உங்கள் அன்பைக் குறைக்க வேண்டாம், சிசியைக் குறையுங்கள். ஓரிரு வருடம் சின்ன வண்டியில் ஓடட்டும். பின்னர் பெரியதை அவன் தனது உழைப்பில் வாங்கட்டும்.

எண்ணெய் மாற்றி முடிந்ததும் திருத்துநரிடம், எங்கேயாவது ஒரு ஹொண்டா 50 விலைக்கு வருமா என்று கேட்டேன். இணுவிலில் ஒன்று நிற்பதாகச் சொன்னார். அவர் சொன்ன விலை நான் விற்றதைப் போலப் பல மடங்கு. "உங்களுக்கோ அண்ணை?" என்றார்.

எனக்கல்ல. எனது மகனுக்கு அடுத்த மாதம் 18 வயது நிறைகிறது. அவன் கேட்டிருப்பது வேறு வண்டி. செய்தியைச் சொன்னபோது முகத்தைச் சுழித்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். சுழிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை இருவருமாக இணுவிலுக்குப் போகிறோம்.