ஒட்டுத்தாளை உரிக்கத் தின்னர் எதற்கு?



நன்கொடையாக வரும் பழைய மடிக்கணினிகளில் உள்ள நிறுவன ஒட்டுத்தாள்களை அகற்ற விரும்புவதில் தவறில்லை. 1991ஆம் ஆண்டில் தொடங்கிய 'இண்டல் இன்சைட்' திட்டத்தின்கீழ், கணினி உற்பத்தியாளர்களின் விளம்பரச் செலவில் ஒரு பங்கை இண்டல் நிறுவனமே ஏற்றது. ஆக, அது விளம்பரம், உரித்தெறியலாம்.

நான் எதிர்ப்பது உரிக்கும் முறையைத்தான். "தின்னர் தொட்டுத் துடைத்தால் நொடியில் போய்விடும்" என்று கூறி, மூடிய வகுப்பறையில் மாணவர் கையில் துணியைக் கொடுப்பது எவ்வகைச் சிக்கனம்? பசை முகர்வதன் தீமையைப் பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். அத்தகைய பசைகள் பலவற்றில் உள்ள தொலுவீன், பல தின்னர்களிலும் உண்டு. வாயால் தடுத்ததை நம் கையாலேயே கொடுக்கலாமா?

நகச்சாயம் அகற்றப் பயன்படும் அசிட்டோனும் பாதுகாப்பானதன்று. அது கணினியின் நெகிழி உறையையே கரைத்து மங்கச் செய்யும். மேலும், பூச்சியத்திற்குக் கீழ் ஏறத்தாழ 20 பாகை செல்சியசிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை எழுப்பும். பெட்ரோல் அதனினும் கொடியது. நம் வகுப்பறையின் வெப்பமோ 30 பாகை! ஒரு தீப்பொறி போதாதா?

"வேறு வழி?" என்பீர்கள். வழி நம் சமையலறையிலேயே உண்டு. கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றுங்கள். முடி உலர்த்தியின் இளஞ்சூட்டை ஒட்டுத்தாளின்மீது சிறிது நேரம் காட்டி, ஓரத்தை நகத்தாலோ பழைய நெகிழி அட்டையாலோ மெல்ல நெம்புங்கள்; கத்தி வேண்டா. மிஞ்சிய பிசினுக்குத் தேங்காய் எண்ணெய் போதும். எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். பின்னர்ச் சவர்க்கார நீரில் நனைத்து நன்கு பிழிந்த துணியால் எண்ணெய்ப் பசையை நீக்குங்கள். கணினியின்மீது எதையும் நேரடியாக ஊற்றாதீர்கள்.

உறையிலேயே அச்சிட்ட சின்னத்தைச் சுரண்ட வேண்டா; சின்னத்தோடு வண்ணமும் போகும். அதன்மேல் மாணவரின் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டினால் மறைந்துவிடும். அடிப்பகுதியிலுள்ள வரிசை எண் தாளையும் தொடாதீர்கள். கணினி களவுபோனால் காவல் நிலையத்தில் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.

தின்னரால் மிச்சமாவது கால் மணி நேரம். அதற்கு விலையாகப் பிள்ளைகளின் மூச்சைக் கொடுக்க எந்தப் பெற்றோர் இசைவார்? பள்ளியில் இப்பணி நடந்தால், மாணவர் கையில் இருப்பது என்ன புட்டி என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. விடை கூறுவது எங்கள் கடமை.