சாட் ஏரிக் கேள்வி

ஆப்பிரிக்காவில், சஹாராவின் தென் விளிம்பில், சாட் என்றொரு ஏரி இருக்கிறது. ஏறத்தாழ பதின்மூவாயிரம் ஆண்டுகளில் அதன் ஆழம் ஏறி இறங்கியதை ஒரு வரைபடம் காட்டுகிறது. சஹாராப் பாறைகளில் மனிதர்கள் எந்தக் காலத்தில் எந்த விலங்கை வரைந்தார்கள் என்று இன்னொரு படம் காட்டுகிறது. இரண்டையும் பதினைந்து வயதுப் பிள்ளைகள் முன்னால் வைத்து ஐந்து கேள்விகள் கேட்கிறார்கள். ஏரி இன்று எவ்வளவு ஆழம்? கோடு எந்த ஆண்டில் தொடங்குகிறது? வரைந்தவர் ஏன் அங்கே போய்த் தொடங்கினார்? பாறை ஓவியத்தை வைத்து விலங்குகளின் காலத்தைச் சொல்கிறவர், சொல்லாமலே எதை உண்மை என்று எடுத்துக்கொள்கிறார்? காண்டாமிருகமும் நீர்யானையும் ஓவியங்களிலிருந்து மறைந்தபோது ஏரி என்ன நிலையில் இருந்தது?

பிசா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டில், 2000ஆம் ஆண்டு முதல் சுற்றில் வந்த கேள்வி இது. பிறகு மாதிரிக் கேள்வியாகப் பொதுவில் வெளியிட்டார்கள். பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஓ.இ.சி.டி. அமைப்பு நடத்தும் தேர்வு. பாடப்புத்தகத்தில் படித்தது எவ்வளவு நினைவிருக்கிறது என்று அது சோதிப்பதில்லை. படித்ததை வைத்துக்கொண்டு, இதுவரை பார்க்காத ஒன்றை யோசிக்க முடிகிறதா என்று பார்க்கிறது.

சேலத்துக்குப் பக்கத்தில், எங்கள் பனமரத்துப்பட்டியில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைப் படித்தால் சிரிப்பு வரும். எங்களுக்கும் ஓர் ஏரி உண்டு. சேலம் நகரத்தின் தாகத்துக்காகப் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் ஆட்சியில் உருவானது. இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் பரப்பு. 1934இல் மேட்டூர் அணை வந்து, பிற்பாடு காவிரித் தண்ணீர் குழாயில் சேலத்துக்கு வரத் தொடங்கியதும் நகரம் இந்த ஏரியை மறந்தது. ஜருகுமலைப் பக்கத்து ஓடைகளில் வரத்துக் குறைந்தது. தண்ணீர் நின்ற இடத்தில் சீமைக் கருவேலம் ஏறியது. ஏரி வற்றினால் எந்தப் பறவை போகும், எந்தக் கிணறு முதலில் காயும் என்பதை இங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுத் திண்ணையில் மாலை நேரம் டியூஷன் படிக்க வரும் பிள்ளைகளிடம் அந்தக் கேள்விகளைத் தமிழாக்கிக் கொடுத்துப் பார்த்தேன். பூ பறிக்கப் போகும் அம்மாவின் மகள் ஒருத்தி, கடைசிக் கேள்வியை நின்ற நிலையில் முடித்தாள். "தண்ணி வத்திக்கிட்டே போனா நீர்யானை எங்கீங்க இருக்கும்? இல்லாதத எப்படிங்க வரைவாங்க?" இரண்டு கேள்விகளுக்கான விடை அந்த ஒரே மூச்சில் வந்துவிட்டது. வரைந்தவர் ஏன் அந்த ஆண்டில் கோட்டைத் தொடங்கினார் என்ற கேள்வியில்தான் எல்லோரும் நின்றார்கள். "புக்குல அப்படித்தானுங்க போட்டிருக்குது" என்றான் ஒருவன். படத்துக்கு மேலே இருந்த சிறு பத்தியில் விடை இருந்தது: ஏரி கி.மு. 20,000 வாக்கில் முற்றிலும் காணாமல் போய், கி.மு. 11,000 வாக்கில்தான் மறுபடி தோன்றியது. அவர்கள் அதைப் படித்தும் இருந்தார்கள். ஆனால் ஒரு வரைபடத்தை ஒரு மனிதர் உட்கார்ந்து வரைகிறார், எங்கே தொடங்குவது என்று அவர்தான் முடிவு செய்கிறார் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி. பிறகு வந்தது வழக்கமான விசாரணை: இது புக் பேக் கேள்வியா, கிரியேட்டிவ்வா, எத்தனை மார்க்?

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இந்தத் தேர்வை உண்மையிலேயே எழுதியிருக்கிறார்கள். 2009 சுற்றின் நீட்சியாக நடந்த தேர்வில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டும் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வந்தது. 74 நாடுகள், பகுதிகள் கொண்ட பட்டியலில் இமாச்சலமும் நாமும் கிர்கிஸ்தானும்தான் கடைசிப் படிகளில் இருந்தோம். வாசிப்பில் தமிழ்நாடு 337, கணிதத்தில் 351, அறிவியலில் 348. முதலிடம் பிடித்த ஷாங்காய் கணிதத்தில் 600. வாசிப்பில் அடிப்படை நிலையைத் தொட்டவர்கள் நம்மிடம் நூற்றுக்கு 17 பேர், ஓ.இ.சி.டி. நாடுகளில் சராசரியாக 81 பேர்.

அந்த ஆண்டுகளில் நாமக்கல், ராசிபுரம் வட்டாரம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். மதிப்பெண்ணுக்குப் பெயர்போன ஊர் எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு நாமக்கல் என்று சொல்லலாம். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே அரைத்துக் கொடுக்கும் விடுதிப் பள்ளிகள்; மாவட்டத்தின் கோழித் தொழிலோடு சேர்த்து ஊரே அவற்றுக்கு பிராய்லர் பள்ளி என்று பெயர் வைத்தது. செண்டம் எடுத்தவர்களின் படம் போட்ட ஃபிளெக்ஸ் பேனர்கள் சேலம் நெடுஞ்சாலை முழுக்க நின்றன. அதே மாநிலத்துப் பிள்ளைகள் உலகப் பட்டியலின் அடியில்! இரண்டும் ஒரே காலத்தில் உண்மையாக இருந்தன என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

டெல்லி எடுத்த முடிவு வேறு. கேள்விகள் இந்தியச் சமூக, பண்பாட்டுச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று காரணம் சொல்லி, அடுத்த சுற்றிலிருந்து இந்தியா விலகிக்கொண்டது. நம் ஊர் மொழியில் சொன்னால், அவுட் ஆஃப் சிலபஸ். மொழிபெயர்ப்பில் குறை இருந்திருக்கலாம், நம் பிள்ளைக்குத் தெரியாத பொருள்கள் கேள்வியில் வந்திருக்கலாம். அந்தக் குறைகளை ஒதுக்கித்தள்ள மாட்டேன். ஆனால் வற்றிப்போன ஏரி நம் சூழலுக்குப் பொருந்தாது என்று எங்கள் ஊரில் வந்து சொல்ல முடியுமா? 2019 ஜனவரியில், சண்டிகர் பள்ளிகள், கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகள் 2021 சுற்றை எழுதும் என்று ஓ.இ.சி.டி.யோடு ஒப்பந்தம் போட்டார்கள். கொரோனாவால் அந்தச் சுற்று 2022க்குத் தள்ளிப்போனது. அதிலும் இந்தியா எழுதவில்லை.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? 2001இல் முதல் முடிவு வெளியானபோது, தங்களை உலகின் ஆசிரியர்கள் என்று நம்பிக்கொண்டிருந்த ஜெர்மானியர்கள் வாசிப்பில் சராசரிக்கும் கீழே கிடந்தார்கள். அங்கே அந்த அதிர்ச்சிக்கே பிசா அதிர்ச்சி என்று பெயர். முழுநாள் பள்ளிகளைப் பெருக்கினார்கள், நாடு முழுமைக்கும் பொதுவான கல்வித் தரங்களை வகுத்தார்கள். பெரு நாடு 2012இல் பங்கேற்ற 65இல் மூன்று பாடத்திலும் கடைசி. கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. கணிதத்தில் அன்று 368 எடுத்த நாடு 2018இல் 400 எடுத்தது. வியட்நாமைப் பற்றியும் பெருமையாகப் பேசுவார்கள். 2012இல் முதல்முறை எழுதியபோதே கணிதத்தில் 511 எடுத்து, 481 எடுத்த அமெரிக்காவைப் பின்னுக்குத் தள்ளியது. இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். அந்நாட்டின் பதினைந்து வயதுப் பிள்ளைகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டோரை மட்டுமே அந்தத் தேர்வு பிரதிநிதித்துவப்படுத்தியது. மீதிப் பேர் பள்ளியை விட்டுப் போயிருந்தார்கள், அல்லது கீழ் வகுப்பில் தங்கியிருந்தார்கள். ஷாங்காய் என்பது சீனா அல்ல, சீனாவின் மிகச் செழிப்பான நகரங்களில் ஒன்று. வெளியூரிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் அங்கே போதிய அளவு கணக்கில் வரவில்லை என்ற விமர்சனமும் உண்டு. ஆகவே 600க்கும் 351க்கும் இடையே உள்ள தூரத்தை அப்படியே நம் ஆசிரியர்களின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இப்படி யோசிப்பதைத்தான் அந்தத் தேர்வே கேட்கிறது. அதன் இன்னொரு பழைய கேள்வியில் இரண்டு தூண்கள் நிற்கும். 1998இல் நடந்த கொள்ளைகள், 1999இல் நடந்த கொள்ளைகள். இரண்டாவது தூண் முதலாவதைவிட மிக உயரம். கொள்ளை பெருமளவு கூடிவிட்டது என்று ஒரு தொலைக்காட்சி நிருபர் சொல்கிறார். அவர் சொல்வது சரியா? உற்றுப் பார்த்தால், படத்தின் அடிமட்டம் பூஜ்யம் அல்ல, ஐந்நூற்றுச் சொச்சம். உண்மையில் கூடியது ஏழெட்டுக் கொள்ளைதான்.

2025 மே மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்த படம் எனக்கு அந்தக் கேள்வியைத்தான் நினைவூட்டியது. இந்தியா ஜப்பானைத் தாண்டி உலகின் நான்காவது பெரிய பொருளாதாரம் ஆகிவிட்டது என்று நிதி ஆயோக்கின் தலைமைச் செயல் அதிகாரி அறிவித்த வாரம். படத்தில் இந்தியத் தூண் கோபுரம் மாதிரி நின்றது, ஜப்பான் அதன் இடுப்புக்கு வந்தது. அவர் காட்டிய ஆதாரம் சர்வதேச நாணய நிதியத்தின் ஏப்ரல் மாதக் கணிப்பு. அதில் இந்தியா ஏறத்தாழ 4,187 பில்லியன் டாலர், ஜப்பான் 4,186. இரண்டுக்கும் நடுவே ஒரு பில்லியன்கூட இல்லை. அதுவும் முடியாத ஆண்டுக்கான கணிப்பு. தலைக்கு எவ்வளவு என்று பிரித்தால் நமக்குச் சுமார் 2,900 டாலர், அவர்களுக்கு 34,000 டாலர் அளவில். இதனால் நம் வளர்ச்சி பொய்யாகிவிடாது. குழுவில் நான் இதை எழுதியதும் சித்தப்பா ஒருவர், "உனக்கு நாட்டுப்பற்றே கிடையாது" என்று குரல் செய்தி அனுப்பினார். அப்படி அனுப்ப வசதியாகத்தான் கைப்பேசி இருக்கிறது.

சாட் ஏரியையே எடுத்துக்கொள்வோம். 1960களில் தொடங்கிக் கோடு போட்டால், இருபதாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்த ஏரி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய சோகக் கதை. 1980களின் நடுவில், மிகக் கொடிய வறட்சியில், தொடங்கினால் அதே ஏரி மெல்ல மீண்டுவந்த கதை. இரண்டு கோடும் பொய்யில்லை. யார் எதற்காக வரைந்தார் என்று கேட்கத் தெரியாதவர் இரண்டில் எது முதலில் கைப்பேசிக்கு வருகிறதோ அதை நம்புவார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அப்படிக் கேட்கத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. பனமரத்துப்பட்டி சுற்றுவட்டாரம் முழுக்க அரளித் தோட்டம். விடியும் முன் மொட்டுப் பறித்து சேலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், "அரளி மூணு மடங்கு ஏறிருச்சு" என்று செய்தியில் சொன்னால், பூக்காரர் முதலில் கேட்பது "எதுல இருந்து?" போன வாரம் கேட்பாரற்றுக் கிடந்த விலையிலிருந்து மூன்று மடங்கா, போன வருஷம் இதே பூஜை விலையிலிருந்து மூன்று மடங்கா? பறிகூலி, வண்டி வாடகை, கமிஷன் போக என்ன நிற்கும்? இந்தக் கணக்கைத் தாய் தினமும் போடுகிறாள். மகள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் அந்தப் புத்தியை வாசலில் செருப்போடு விட்டுவிட்டுப் போகும்படி நாம் பழக்கியிருக்கிறோம்.

இதைத் தொழில்நுட்பம் சரிசெய்துவிடும் என்ற நம்பிக்கை நமக்கு அதிகம். 2011 செப்டம்பரில் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பிசா முடிவு வந்தது அதே ஆண்டு டிசம்பரில். 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். கோடு அச்சிட்டார்கள். அந்தப் புத்தகங்கள் நல்ல புத்தகங்கள் என்பது என் கருத்து, மடிக்கணினியால் கரையேறிய பிள்ளைகளையும் நான் அறிவேன். ஆனால் 2015இல் ஓ.இ.சி.டி.யே வெளியிட்ட ஆய்வு, பள்ளிக் கணினிகளில் பெரும்பணம் போட்ட நாடுகளில் பிசா மதிப்பெண் குறிப்பிடும்படி உயரவில்லை என்று கண்டது. மேலே நின்ற தென்கொரியாவிலும் ஷாங்காயிலும் வகுப்பறைக் கணினிப் பயன்பாடு குறைவாகவே இருந்தது. இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் சாட் ஏரிப் படத்தைக் காட்டினால் ஐந்து கேள்விக்கும் அதுவே விடை சொல்லிவிடும். அந்த விடையையும், "புக்குல அப்படித்தானுங்க போட்டிருக்குது" என்ற அதே குரலில் ஏற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு ஒரு புத்தகம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

2017இல் தமிழ்நாடு ஒரு நல்ல காரியம் செய்தது. பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. மாநிலத்தில் முதலிடம் என்ற படம் பேனரிலிருந்து இறங்கியது. முதலிடத்துக்காக வதைபட்ட பிள்ளைகள் கொஞ்சம் மூச்சுவிட்டிருப்பார்கள். பிசாவிலும் இதைச் செய்திருக்கலாம். 72ஆவது இடமா, 73ஆவது இடமா என்ற கூச்சலைத் தள்ளிவிட்டு, கேள்வித்தாளை மட்டும் வைத்துக்கொண்டிருக்கலாம். டெல்லி இரண்டையும் சேர்த்துத் தூக்கிப்போட்டது, நாமும் சரி என்றோம்.

வெளியிடப்பட்ட பழைய கேள்விகள் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. டெல்லியின் அனுமதி, ஒப்பந்தம், பாரிஸ் பயணம் எதுவும் வேண்டாம். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுத் தாளில் இப்படி இரண்டு கேள்வி, நம் ஏரி, நம் பூ விலை, நம் முட்டை விலையை வைத்து எழுதிச் சேர்த்தால் போதும். கைடில் விடை இருக்கக் கூடாது, புளூபிரிண்டில் இடம் இருக்கக் கூடாது. முதல் வருஷம் பனமரத்துப்பட்டியிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் பெற்றோர்கள் போனஸ் மார்க் கேட்டு மனு எழுதிக்கொண்டு கலெக்டர் அலுவலகத்துக்கு வருவார்கள். வரட்டும், வாங்கி வைத்துக்கொள்ளலாம்.